தொலைந்த கோப்பைத் தேடும் முன்

கோப்பு காணவில்லை என்று தெரிந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அது இருந்த டிஸ்க்கில் இனி எதுவும் எழுதப்படக் கூடாது. கேமராவின் மெமரி கார்டு என்றால் உடனே கழற்றிவிடுங்கள். மண்டபத்தில் தாலி கட்டும் நேரமாகவே இருந்தாலும் அந்த கார்டில் இன்னொரு படம் வேண்டாம். வேறு கார்டு போட்டுக்கொள்ளுங்கள். பென் டிரைவ் என்றால் கழற்றி மேசையில் வையுங்கள். கணினிக்குள் இருக்கும் டிஸ்க் என்றால், ரீசைக்கிள் பின்னில் ஒருமுறை பார்த்துவிட்டு, அங்கே இல்லையென்றால் சிஸ்டத்தை நிறுத்திவிடுவது நல்லது. பிரவுசர் திறந்திருந்தாலே அது தற்காலிகக் கோப்புகளை எழுதிக்கொண்டிருக்கும். விண்டோஸ் யாரையும் கேட்காமல் அப்டேட் இறக்கிக்கொண்டிருக்கும். பதற்றத்தில் பலர் செய்வது, இணையத்தில் ஒரு மீட்பு மென்பொருளைத் தேடி, அதே சி டிரைவில் இறக்கி, அதிலேயே நிறுவுவது. காப்பாற்ற வந்த மென்பொருளே கோப்பின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

ஆகவே இந்த அத்தியாயத்தைக் கோப்பு தொலைவதற்கு முன் படிப்பவர்கள், மீட்பு மென்பொருள்களை இன்றே ஒரு பென் டிரைவில் இறக்கி, அதன்மேல் பெயர் எழுதி ஒட்டி வைத்துவிடுங்கள். தொலைந்த பிறகு படிப்பவர்கள் இதை வேறொரு கணினியிலோ கைபேசியிலோ படித்துக்கொண்டிருந்தால் சரி.

உண்மையிலேயே அழிந்ததா?

போய்விட்டது என்று கொண்டுவரப்படும் கோப்புகளில் கணிசமானவை இடம் மாறியவைதான். மவுஸ் இழுபட்டு ஒரு ஃபோல்டர் பக்கத்து ஃபோல்டருக்குள் விழுந்திருக்கும். மின்னஞ்சலில் வந்த கோப்பை இறக்காமல் அங்கிருந்தபடியே திறந்து இரண்டு மணி நேரம் திருத்தியிருப்பார்கள். சேமித்ததெல்லாம் எங்கோ ஒரு தற்காலிக ஃபோல்டருக்குள் போயிருக்கும். எவ்ரிதிங் என்ற இலவசத் தேடல் மென்பொருளை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டலாம். பெயர் நினைவில்லை என்றால் திருத்திய தேதிப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். நேற்று மாலை வேலை செய்த கோப்பு நேற்று மாலைத் தேதியோடு மேலே வந்து நிற்கும்.

சேமிக்காமலே மூடிய வேர்டு கோப்புக்குத் தனி வழி உண்டு. வேர்டைத் திறந்து ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட் என்று போனால் சேமிக்காத கோப்புகளை மீட்கும் கட்டளை இருக்கும். வேர்டு, மாற்றிச் சொல்லாவிட்டால், 10 நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளுக்குள் ஒரு பிரதி எடுத்துவைக்கிறது. அதை ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் 2 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். சேமிக்காத பிரதிகள் சில நாள்தான் இருக்கும்; தள்ளிப்போடாமல் தேடுங்கள்.

ரீசைக்கிள் பின்னைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பென் டிரைவிலிருந்து அழித்தவை அங்கே போவதில்லை. அலுவலக நெட்வொர்க்கில் இருக்கும் இன்னொரு கணினியின் ஃபோல்டரிலிருந்து அழித்தவையும் போவதில்லை. ஷிஃப்ட் விசையோடு டெலிட் அழுத்தினால் எதுவுமே போவதில்லை. மாறாக, இணையச் சேமிப்பகங்களுக்குத் தனித்தனிக் குப்பைத் தொட்டிகள் உண்டு. கூகுள் டிரைவில் அழித்தது 30 நாள் அதன் தொட்டியில் இருக்கும். கூகுள் ஃபோட்டோஸில், ஏற்கெனவே மேலே ஏற்றப்பட்ட படம் என்றால் 60 நாள். ஐஃபோனின் படத்தொகுப்பில் அண்மையில் அழித்தவை என்ற ஆல்பத்தில் 30 நாள்.

இன்னொரு இடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மற்றவர்களின் கைபேசியும் அஞ்சல் பெட்டியும். அச்சகத்துக்கு அனுப்பிய பிரதி உங்கள் அனுப்பிய அஞ்சல்களில் கிடக்கும். ஆடிட்டருக்குக் கொடுத்த கணக்கு அவர் மேசையில் இருக்கும். வாட்ஸ்அப்பில் சித்தப்பாவுக்கு அனுப்பிய படம், தரம் குறைந்தாலும், அவர் கைபேசியில் இருக்கும். மென்பொருளைத் தொடுவதற்கு முன் நான்கு பேருக்குத் தொலைபேசியில் கேளுங்கள். செலவில்லாத மீட்பு அதுதான்.

டெலிட் அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது

பட்டாவில் ஒருவர் பெயரை அடித்துவிட்டால் நிலத்தில் நிற்கும் வீடு உடனே இடிந்துவிடாது. வேறொருவர் அந்த மனையை வாங்கி, இடித்து, தன் வீட்டைக் கட்டும்வரை பழைய சுவர் நின்றுகொண்டுதான் இருக்கும். பழைய ஹார்டு டிஸ்க்கில் டெலிட் என்பது பட்டாவில் பெயரை அடிப்பது மட்டும்தான்.

மெமரி கார்டுகளிலும் பென் டிரைவ்களிலும் பெரும்பாலும் ஃபேட் அல்லது எக்ஸ்ஃபேட் முறை இருக்கும். ஃபேட் முறையில் ஒரு கோப்பை அழித்தால், அட்டவணையில் அதன் பெயரின் முதல் எழுத்து ஒரு குறியாக மாற்றப்படுகிறது. அது பிடித்திருந்த இடங்கள் காலி என்று குறிக்கப்படுகின்றன. உள்ளடக்கத்தை யாரும் தொடுவதில்லை. மீட்டெடுத்த கோப்புகள் சில சமயம் முதல் எழுத்து இல்லாமல் வருவது இதனால்தான். கோப்பு ஒரே தொடர்ச்சியாக எழுதப்பட்டிருந்தால் முழுதாகக் கிடைக்கும். துண்டு துண்டாகச் சிதறியிருந்தால், அடுத்த துண்டு எங்கே என்று காட்டும் சங்கிலி அறுந்துவிடுவதால் பாதி படம்தான் வரும், மீதி சாம்பல் நிறப் பட்டையாக இருக்கும். விண்டோஸ் டிஸ்க்குகளின் என்டிஎஃப்எஸ் முறையில் அட்டவணைப் பதிவு பயன்பாட்டில் இல்லை என்று குறிக்கப்படுகிறது. பதிவின் மேல் இன்னொன்று எழுதப்படாதவரை பெயர், தேதி, இருந்த இடம் எல்லாமே படிக்கக் கிடைக்கும்.

ஃபார்மேட்டிலும் இரண்டு வகை. குவிக் ஃபார்மேட் அட்டவணையை மட்டும் புதிதாக எழுதுகிறது. விண்டோஸ் விஸ்டா முதல் முழு ஃபார்மேட் என்பது டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியங்களை எழுதுகிறது. அதற்குப் பிறகு எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் பயனில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கும் பெரும்பாலான மெமரி கார்டுகளுக்கும் பொருந்தும். இன்று விற்கும் மடிக்கணினிகளில் இருப்பதோ எஸ்எஸ்டி. அதில் கதை வேறு. ஃபிளாஷ் சில்லுகளில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரடியாக எழுத முடியாது; முதலில் அழித்துத் துடைக்க வேண்டும். அந்த வேலையை முன்கூட்டியே முடித்துவைக்க, எந்த இடங்கள் இனி தேவையில்லை என்பதை இயங்குதளம் எஸ்எஸ்டிக்குச் சொல்கிறது. டிரிம் என்று பெயர். விண்டோஸில் இது 2009இல் விண்டோஸ் 7 உடன் வந்தது. டெலிட் அழுத்திய சில நொடிகளிலேயே இந்தச் செய்தி போய்விடும். அதற்குப் பிறகு அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலான எஸ்எஸ்டிகள் வெறும் பூஜ்ஜியத்தைத்தான் தரும். பட்டாவில் பெயர் அடிபட்ட கையோடு புல்டோசர் வந்து நிற்கிறது.

கைபேசி இன்னும் கடினம். ஐஃபோனில் ஒவ்வொரு கோப்புக்கும் தனி மறையாக்கச் சாவி உண்டு. கோப்பை அழிக்கும்போது சாவியும் அழிகிறது. ஆண்ட்ராய்டு 10 முதல் புதிதாக வரும் கைபேசிகளிலும் மறையாக்கம் கட்டாயம். அழித்த படங்களை மீட்டுத் தருவதாகச் சொல்லும் கைபேசிச் செயலிகளில் பல, ஏதோ ஒரு மூலையில் மிஞ்சியிருக்கும் சிறு முன்னோட்டப் படங்களைத் திரட்டிக் காட்டுபவைதான். அவற்றுக்குப் பணம் கட்டாதீர்கள்.

15 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கணினி நூல்கள் அழித்த கோப்பை எளிதாக மீட்கலாம் என்று தைரியம் சொல்லின. அன்றைக்கு அது உண்மை. அந்தத் தைரியத்தில் இன்று எஸ்எஸ்டி மடிக்கணினியை நம்பியிருப்பது ஆபத்து. மீட்கும் வாய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது என்பதால்தான் இந்த அத்தியாயத்தின் பின்பாதி முழுவதும் நகலெடுப்பதைப் பற்றி இருக்கிறது.

மீட்கும் வேலை

ஹார்டு டிஸ்க், மெமரி கார்டு, பென் டிரைவ் ஆகியவற்றில் நம்பிக்கையோடு இறங்கலாம். முதல் வேலை, அந்தச் சாதனத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே ஒரு பெரிய கோப்பாக வேறு டிஸ்க்கில் நகலெடுப்பது. இமேஜ் எடுப்பது என்று தொழிலில் சொல்வார்கள். 64 ஜிபி கார்டுக்கு 64 ஜிபி இமேஜ். பிறகு அசல் கார்டை உறையில் போட்டு வைத்துவிட்டு இமேஜில்தான் எல்லாச் சோதனையும். ஒரு மென்பொருள் சொதப்பினாலும் அசல் பத்திரமாக இருக்கும், இன்னொன்றை முயலலாம். இந்த ஒரு படியைச் சோம்பலில் தாண்டுவதால்தான் மீண்டிருக்க வேண்டிய பலவும் போகின்றன.

இமேஜ் கையில் வந்ததும் இரண்டு வழி. அட்டவணை ஓரளவு மிஞ்சியிருந்தால் அதைப் படித்து, பெயரோடும் ஃபோல்டரோடும் மீட்கலாம். ரெக்கூவா இதற்கு எளிது. மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட விண்டோஸ் ஃபைல் ரிகவரி இலவசம்தான். ஆனால் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். பார்ட்டிஷனே காணாமல் போய், விண்டோஸ் அதை ரா என்று காட்டினால், கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய டெஸ்ட்டிஸ்க் பல சமயம் பார்ட்டிஷனையே திரும்ப நிறுத்திவிடும்.

அட்டவணை அடியோடு போயிருந்தால் அவருடைய இன்னொரு மென்பொருளான ஃபோட்டோரெக். பெயரில் ஃபோட்டோ இருந்தாலும் இது வேர்டு, பிடிஎஃப், ஒலி, காணொளி எல்லாவற்றையும் தேடும். ஒவ்வொரு கோப்பு வகையும் ஒரு குறிப்பிட்ட பைட் வரிசையோடு தொடங்குகிறது. ஜேபெக் படத்துக்கு ஒன்று, பிடிஎஃபுக்கு ஒன்று. ஃபோட்டோரெக் டிஸ்க்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை படித்துக்கொண்டே போய், அந்தத் தொடக்க வரிசையைக் கண்ட இடத்திலெல்லாம் ஒரு கோப்பைப் பிடித்து எடுக்கும். பெயர் வராது, ஃபோல்டர் வராது. எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகள் குவியும். படங்களைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கலாம். எழுத்துக் கோப்புகளை உள்ளடக்கத்தை வைத்துத்தான் தேட வேண்டும்.

தமிழில் வேலை செய்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. பாமினி, வானவில், டாம் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பில் உள்ளே இருப்பது தமிழ் எழுத்தே அல்ல. ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகிறது. ஆகவே யூனிகோடில் ஒரு சொல்லை அடித்துத் தேடினால், அந்தச் சொல் நூறு கோப்பில் இருந்தாலும் ஒன்றும் கிடைக்காது. தேடும் சொல்லை முதலில் நோட்பேடில் பாமினி விசைப்படி அடித்து, திரையில் தெரியும் அந்த ஆங்கிலக் குறித்தொகுதியை எடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பாமினியில் அடித்துக் குவித்த மலர்களும் ஆய்வேடுகளும் இப்படித் தேடினால்தான் வெளியே வரும்.

கட்டண மென்பொருள் வாங்க நேர்ந்தால் ஒரு நிபந்தனை. பணம் கட்டும் முன் முன்னோட்டம் காட்ட வேண்டும். கோப்பின் பெயர் பட்டியலில் வருவது சான்று ஆகாது. படம் திறந்து முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். திறக்காத படம் பணம் கட்டிய பிறகும் திறக்காது. மீட்டவற்றை அதே கார்டிலேயே திரும்ப எழுதாதீர்கள் என்று இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன்.

டிஸ்க்கே பழுதானால்

ஹார்டு டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று ஒரே சீராக ஒலி வருகிறதா? ஃபோல்டர் திறக்க நிமிடங்கள் ஆகின்றனவா? அப்படியானால் மீட்பு மென்பொருள் எதையும் ஓட்டாதீர்கள். உள்ளே தகட்டுக்கும் படிக்கும் தலைக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான் இருக்கிறது. தலை சேதமாகியிருந்தால் சுழலும் ஒவ்வொரு நிமிடமும் தகட்டைச் சுரண்டுகிறது. அணைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்து எடுப்பது, தட்டிப் பார்ப்பது, திறந்து பார்ப்பது எல்லாமே கேடு. அதே மாடல் டிஸ்க் வாங்கி அடிப்பக்கச் சர்க்யூட் பலகையை மாற்றிப் போடுவதும் இன்றைய டிஸ்க்குகளில் பலிக்காது. அந்த ஒரு டிஸ்க்குக்கே உரிய அளவுத்திருத்த விவரங்கள் அந்தப் பலகையின் சில்லில் இருக்கின்றன. தூசில்லா அறை வைத்திருக்கும் மீட்பு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். செலவு பெரிது. அந்தக் கோப்புகள் அதற்குத் தகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சோதித்துவிட்டு, எது கிடைக்கும் என்ற பட்டியலைக் காட்டிய பிறகு கட்டணம் பேசும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஒலி எதுவும் இல்லை, சில இடங்கள் மட்டும் படிக்க முடியவில்லை என்றால் குனு டிடிரெஸ்க்யூ இருக்கிறது. சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினால் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக்கோடு அதுவும் தயாராக இருக்கும். நல்ல பகுதிகளை முதலில் வேகமாக அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பது அதன் முறை. எதுவரை படித்தது என்று தனியே குறித்துவைப்பதால் நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

விண்டோஸ் இந்த நேரத்தில் இரண்டு விதமாக உதவ முன்வரும். டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று கேட்கும், கேன்சல் அழுத்துங்கள். பிழை திருத்தவா என்று கேட்டு செக்டிஸ்க்கை ஓட்டப் பார்க்கும், அதையும் மறுத்துவிடுங்கள். செக்டிஸ்க்கின் வேலை அட்டவணையை ஒழுங்குபடுத்துவது, உங்கள் கோப்புகளைக் காப்பது அல்ல. ஒழுங்குக்காகக் கோப்புகளை வெட்டவும் செய்யும். இமேஜ் எடுத்த பிறகு ஓட்டலாம், முன்னால் வேண்டாம்.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற மென்பொருளை மாதம் ஒருமுறை பாருங்கள். மஞ்சள் நிறம் வந்தால் அன்றைக்கே நகலெடுங்கள். ஆனால் நீலமாக இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். கூகுள் 2007இல் தன் கிடங்குகளில் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இரண்டு செய்திகளைச் சொல்கிறது. முதல் ஸ்கேன் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகம். அதே சமயம், பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தன. எச்சரிக்கை வந்தால் நம்புங்கள், வராததை நம்பாதீர்கள்.

கோப்புகளின் பெயரெல்லாம் மாறி, பணம் கேட்கும் குறிப்பு ஒன்று திரையில் இருந்தால் அது ரான்சம்வேர். நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கி, வைஃபையை அணையுங்கள். பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காமல் வையுங்கள். டச்சுக் காவல்துறை, யூரோபோல், இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் சேர்ந்து 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் திட்டம் பல வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி தருகிறது. இன்று சாவி இல்லாத வகைக்கு ஓராண்டு கழித்து வரக்கூடும். பணம் கட்டுவதால் கோப்பு திரும்பும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

நகல் என்றால் எது நகல்

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் படக் கோப்புகளைப் பராமரிப்பது பற்றி எழுதிய நூலின் வழியாக 3-2-1 என்ற விதி பரவியது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். விதி எளிது. அதில் மூன்றாவது எண்ணைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் அடையாற்று வெள்ளம் தரைத்தளங்களுக்குள் ஏறியபோது, கணினி மேசையும் பேக்கப் டிஸ்க் வைத்த இழுப்பறையும் ஒரே அறையில் இருந்தவர்களுக்கு இரண்டு பிரதியும் ஒரு பிரதியாகிவிட்டது. பெரிய நிறுவனங்களும் விலக்கல்ல. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்து போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் நான் சொல்வது இரண்டு வெளிப்புற ஹார்டு டிஸ்க். ஒன்று உங்களிடம், ஒன்று அண்ணன் வீட்டிலோ நம்பிக்கையான நண்பரிடமோ, வேறு தெருவில், முடிந்தால் வேறு ஊரில். மாதம் ஒருமுறை இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸில் 2012 முதல் இருக்கும் ஃபைல் ஹிஸ்டரி, டிஸ்க் இணைந்திருக்கும் வரை மணிக்கு ஒருமுறை மாறிய கோப்புகளை எடுத்துக்கொண்டே இருக்கும். பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும். மேக் கணினியில் டைம் மெஷின். உங்கள் விருப்பப்படி ஃபோல்டர்களை இணைக்க ஃப்ரீஃபைல்சிங்க் நல்லது. அதில் அழிக்கப்படும் கோப்புகளைப் பதிப்புகளாகச் சேமிக்கும் வசதியை மறக்காமல் இயக்கிவிடுங்கள்.

நகலெடுத்து முடித்ததும் டிஸ்க்கைக் கழற்ற வேண்டும். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கை ரான்சம்வேர் கணினியோடு சேர்த்துப் பூட்டும். மின்னல் இரண்டையும் சேர்த்தே எரிக்கும்.

இணையத்தில் வைத்திருக்கிறேன் என்பவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை முதன்மையாக ஒத்திசைப்பவை. கணினியில் அழித்தால் அங்கேயும் அழியும். கணினியில் கோப்பு சிதைந்தால் சிதைந்த கோப்பு அங்கே ஏறும். 30 நாளுக்குள் கவனித்தால் தப்பிக்கலாம். கணக்காண்டு முடிவில்தான் ஒரு ஃபோல்டரைத் திறப்பவர்களுக்கு 30 நாள் போதாது. கூகுள் ஃபோட்டோஸில் கைபேசி இடத்தைக் காலி செய்ய நினைத்துப் படத்தை அழிப்பவர்கள் மேலே இருப்பதையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள். அதற்கென்று இருக்கும் இடத்தை விடுவிக்கும் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டு ஆண்டு தொடாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கத் தொடங்கியிருக்கிறது. மறைந்த பெற்றோரின் கணக்கில் படங்கள் இருந்தால் இன்றே இறக்கி வையுங்கள். இலவசச் சேவையின் மேல் பாரத்தை வைக்கக் கூடாது என்பதற்கு மைஸ்பேஸ் சான்று. 2015 வரை ஏற்றப்பட்ட இசைக் கோப்புகள் சர்வர் மாற்றத்தின்போது போய்விட்டன என்று 2019இல் தெரியவந்தது. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள்.

பென் டிரைவை நகலுக்குரிய சாதனமாக எண்ணாதீர்கள். ஃபிளாஷ் சில்லு மின்னூட்டத்தில் தகவலை வைத்திருக்கிறது. அது மெல்லக் கசியும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. ஜெடெக் அமைப்பின் தரம், எழுதும் ஆயுள் முடிந்த நிலையில் உள்ள சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓர் ஆண்டு தகவலைத் தாங்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. நம் ஊர்ப் பீரோவின் உள்வெப்பத்தை நினைத்துப் பாருங்கள். நெடுநாள் வைப்புக்குச் சுழலும் டிஸ்க்கே மேல். அதையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இணைத்துச் சுழலவிட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

எதை நகலெடுப்பது என்பதிலும் தவறுகள் நடக்கின்றன. டேலி திறந்திருக்கும்போது அதன் டேட்டா ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போடுவதைவிட, டேலிக்குள் இருக்கும் பேக்கப் கட்டளையால் எடுத்த கோப்பை நகலெடுங்கள். அவுட்லுக் அஞ்சல் கோப்பு அவுட்லுக் திறந்திருக்கும்வரை பூட்டியே இருக்கும், மூடிவிட்டு எடுங்கள். டிடிபி வேலை செய்பவர்கள் பேஜ்மேக்கர் கோப்பை மட்டும் எடுத்துவைத்து எழுத்துருவை விட்டுவிடுகிறார்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அந்தக் கோப்பையும் அதன் எழுத்துருவையும் திறக்கும் கணினி இன்னும் எத்தனை நாள் ஓடும்? ஒவ்வொரு நூலுக்கும் மூலக் கோப்பு, எழுத்துருக் கோப்புகள், எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப், யூனிகோடுக்கு மாற்றிய வெறும் உரை என நான்கையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். மற்ற மூன்றும் திறக்காமல் போகும் காலத்திலும் அந்த வெறும் உரை திறக்கும்.

திரும்ப எடுத்துப் பாருங்கள்

பேக்கப் ஓடுகிறது என்ற நம்பிக்கையும் பேக்கப் இருக்கிறது என்பதும் வேறு வேறு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிபி தரவுத்தளம் 4.5 ஜிபியாகச் சுருங்கிய பிறகுதான் நிறுத்த முடிந்தது. பேக்கப்பைத் தேடினால், அன்றாடம் ஓட வேண்டிய பேக்கப் தரவுத்தள மென்பொருளின் பதிப்புப் பொருத்தமின்மையால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது; சேமிப்பிடம் காலி. தோல்வியைச் சொல்லும் எச்சரிக்கை அஞ்சல்களும் அஞ்சல் அமைப்பால் நிராகரிக்கப்பட்டு யாரையும் எட்டவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காக எடுத்துவைத்த ஒரு பிரதியால் மீண்டார்கள். நடந்ததையெல்லாம் மறைக்காமல் வெளியிட்டதற்காக அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 படத்தின் கோப்புகள் ஒரு கட்டளையால் பெருமளவு அழிந்தபோதும் இதே கதைதான். பேக்கப் பழுதாகியிருந்தது, யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அலுவலகத்தில் இல்லாத ஒரு பிரதி, தற்செயலாக.

ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பேக்கப் டிஸ்க்கை வேறொரு கணினியில் இணைத்து மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள்: ஓர் ஆண்டுக்கு முந்தைய படம் ஒன்று, போன வாரம் திருத்திய தமிழ்க் கோப்பு ஒன்று, கணக்குக் கோப்பு ஒன்று. தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா? கணக்கு டேலிக்குள் ஏறுகிறதா? போன வாரத் திருத்தம் அதில் இருக்கிறதா? திருத்தம் இல்லையென்றால் பேக்கப் எப்போதோ நின்றுவிட்டது என்று பொருள். உங்கள் கணினியிலேயே சோதித்தால் போதாது. மென்பொருளும் எழுத்துருவும் அங்கே ஏற்கெனவே இருப்பதால் இல்லாத குறை தெரியாது.

சாவிகளையும் அதே நாளில் சரிபாருங்கள். புதிய விண்டோஸ் 11 கணினிகள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கும்போது டிஸ்க்கைத் தானாகவே மறையாக்கம் செய்துவிடுகின்றன. மதர்போர்டு பழுதாகி டிஸ்க்கை வேறு கணினியில் போட்டால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்கின் கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை என்றால் டிஸ்க் நன்றாக இருந்தும் உள்ளே போக முடியாது. 48 இலக்கத்தையும் தாளில் எழுதுங்கள். வெளிப்புற டிஸ்க்குக்குக் கடவுச்சொல் வைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். அந்தத் தாள் டிஸ்க் வைத்திருக்கும் பையில் இருக்கக் கூடாது. வீட்டுப் பத்திரங்களோடு ஒரு பிரதி, இரண்டாவது டிஸ்க் இல்லாத இன்னொரு வீட்டில் ஒரு பிரதி. அது எங்கே இருக்கிறது என்பதைக் குடும்பத்தில் உங்களைத் தவிர இன்னொருவருக்காவது காட்டிவையுங்கள்.